சந்து, சுவர், கோப்பை: மெல்பர்னில் ஸ்ட்ரீட் ஆர்ட் டூர் போவோருக்குச் சில ஆலோசனைகள்

மெல்பர்னில் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் பெற்றோருக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு சங்கடம் வரும். ஃபிலிப் தீவில் பெங்குவின் பார்த்தாயிற்று. கிரேட் ஓஷன் ரோட்டில் கடலைப் பார்க்காமல் காரில் தூங்கியாயிற்று. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டும் ஆயிற்று. இனி என்னத்தைக் காட்டுவது என்று பிள்ளைகள் முழிக்கும் நேரத்தில், மருமகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்: "மாமா, சனிக்கிழமை ஸ்ட்ரீட் ஆர்ட் டூர் புக் பண்ணியிருக்கேன். கடைசில ட்ரிங்ஸும் இருக்கு."

முதல் வாக்கியம் உங்களுக்குப் புரியாது. இரண்டாவது வாக்கியம் புரியாததுபோல் இருக்க வேண்டும்.

சுவரில் வரைந்ததைக் காசு கட்டி, வழிகாட்டி வைத்து, கூட்டமாகப் போய்ப் பார்த்து, கடைசியில் ஒரு பீரோடு கலைந்துபோவதுதான் இந்த டூர். இதில் மானம் போகாமல் தேறுவதற்கான வழிமுறைகள் கீழே.

1. புறப்பாடு

கறுப்பு உடுத்துங்கள். மெல்பர்ன்காரர்களுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கறுப்புதான். கறுப்பில் போனால் யாராவது உங்களிடம் வழி கேட்பார்கள். வந்த இடத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. குடை, குளிர்கண்ணாடி, ஸ்வெட்டர் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஒரே சாயங்காலத்தில் வேலை வரும்.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சந்துகளில் புளூஸ்டோன் என்ற கருங்கல் பாவியிருக்கிறது. மழை பெய்தால் வழுக்கும், பெய்யாவிட்டால் தடுக்கும். டிராமுக்கு நகரின் நடுப்பகுதியில் 2015 முதல் காசு கிடையாது. இலவசம் என்றதும் உற்சாகத்தில் கடைசி நிறுத்தம் வரை போய்விடாதீர்கள். எல்லை தாண்டிவிட்டால் மைக்கி என்ற பயண அட்டையைக் கேட்பார்கள்.

முக்கியமாக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதற்கான காரணம் ஏழாம் பிரிவில் வருகிறது.

2. கூடுமிடம்

பெரும்பாலும் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தையோ எதிரிலுள்ள ஃபெடரேஷன் சதுக்கத்தையோ சொல்வார்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். நமக்கு அது வழக்கம்தான் என்றாலும் இங்கே அதற்கு ஒரு பயன் உண்டு. நிலையத்துக்கு எதிர் மூலையில் யங் அண்ட் ஜாக்சன் என்ற பழைய பப் இருக்கிறது. அதன் மாடியில் 'குளோயி' என்ற ஓவியம் தொங்குகிறது. பிரெஞ்சு ஓவியர் ஜூல் லெஃபேவ்ர் 1875இல் வரைந்த நிர்வாணப் பெண். 1883இல் இதை மெல்பர்ன் கலைக்கூடத்தில் வைத்தபோது, ஞாயிற்றுக்கிழமையில் இப்படி ஒரு படத்தைத் திறந்து காட்டலாமா என்று ஊரே கொதித்தது. மூன்று வாரத்தில் இறக்கிவிட்டார்கள். 1909 முதல் அவள் பப்பில் இருக்கிறாள், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. கலையை ஒரு கோப்பையோடு சேர்த்துக் கொடுத்தால் ஊர் தாங்கிக்கொள்ளும் என்பதை மெல்பர்ன் அன்றே கண்டுபிடித்துவிட்டது. இன்றைய டூர் கம்பெனிகள் அதற்குச் சீட்டுப் போட்டு விற்கின்றன, அவ்வளவுதான்.

வழிகாட்டி வந்ததும், இந்த நிலத்தின் மூத்த குடிகளான குலின் மக்களை வணங்கித் தொடங்குவார். அப்போது போனைப் பையில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் கிண்டலில்லாத ஆலோசனை இது ஒன்றுதான்.

3. தலையாட்டும் முறை

முதல் பத்து நிமிடம் வரலாறு. 1837இல் ராபர்ட் ஹாடில் என்ற நில அளவையாளர் கட்டம் போட்டு நகரத்தை வகுத்தார். பெரிய தெருக்கள் ஒவ்வொன்றும் 30 மீட்டர் அகலம். மனைகள் பெரிதாக இருந்ததால் உரிமையாளர்கள் கூறுபோட்டு விற்றார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குப் போக வர வழி வேண்டுமே, அப்படிப் பிறந்தவைதான் இந்தச் சந்துகள். சரக்கு இறக்க, குப்பை போட, இரவில் கழிவு வாளிகளை எடுத்துப் போக. 1897இல்தான் வீடுகளைப் பாதாளச் சாக்கடையில் இணைக்கத் தொடங்கினார்கள். அதுவரை ஊருக்கு வாய்த்த பட்டப்பெயரிலேயே நாற்றம் கலந்திருந்தது.

இதைக் கேட்கும்போது "ஓ!" என்று சொல்லுங்கள். வழிகாட்டிக்குச் சந்தோஷமாக இருக்கும். மற்றபடி, உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் மூத்திர வாடை வரலாற்றின் எச்சம் என்று எண்ணிவிட வேண்டாம். அது நேற்றிரவுடையது.

4. தேவையான சொற்கள்

ஆறு சொற்கள் போதும். 'டேக்' என்றால் ஆள் தன் புனைபெயரை ஒரே வீச்சில் கிறுக்கிவிட்டுப் போவது. 'த்ரோ-அப்' என்றால் அதே பெயரைக் குண்டு எழுத்தில், இரண்டு நிறத்தில், அவசரமாக ஊதுவது. 'பீஸ்' என்றால் மணிக்கணக்கில் நின்று பல நிறத்தில் வரைவது. 'ஸ்டென்சில்' என்றால் வீட்டிலேயே அட்டையை வெட்டிக்கொண்டு வந்து, சுவரில் வைத்து ஊதிவிட்டு ஓடுவது. 'பேஸ்ட்-அப்' என்றால் தாளில் வரைந்து பசை தடவி ஒட்டுவது. 'பஃப்' என்றால் மாநகராட்சி வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போவது.

இவற்றுக்குள் சாதிப் படிநிலை உண்டு. டேக் மேல் த்ரோ-அப் வரலாம், த்ரோ-அப் மேல் பீஸ் வரலாம். கீழ்ப்படியில் இருப்பவன் மேல்படிமேல் கைவைத்தால் சண்டை. தேர்தலுக்கு ஒரு வருடம் முன்னாலேயே வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரும் வருடமும் எழுதிச் சுவரைப் பிடித்துவைக்கும் ஊரிலிருந்து வந்த உங்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே வித்தியாசம், இங்கே முன்பதிவு செல்லாது. வரைந்தவன் வீடு போய்ச் சேருவதற்குள் அடுத்தவன் ஏணியோடு வந்துவிடலாம்.

உங்கள் மனைவி இந்த இடத்தில் காதோடு கேட்பார்: "ஏங்க, அந்தக் கிறுக்கல் நம்ம தெரு டிரான்ஸ்ஃபார்மர்லயே இருக்கே, அதுக்கா இவ்ளோ காசு?" "மெதுவா பேசு, அது டேக்" என்று பதில் சொல்லுங்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உங்களை மரியாதையோடு பார்ப்பார். அந்த மரியாதை அடுத்த சந்து வரை தாங்கும்.

5. ஹோசியர் லேன்

டூரின் கர்ப்பகிரகம் இது. சதுக்கத்துக்கு எதிரே ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் தொடங்கி, மேட்டில் ஏறி ஃபிளிண்டர்ஸ் லேனில் முடியும் ஒரு குட்டைச் சந்து. பக்கவாட்டில் ரட்லெஜ் லேன் என்று ஒரு கிளை. சுவர், கதவு, குழாய், ஜன்னல் கம்பி, குப்பைத் தொட்டி என்று ஒரு சாண் மிச்சமில்லாமல் பெயிண்ட். அசையாமல் நின்றால் உங்கள்மேலும் அடித்துவிடுவார்கள் என்று தோன்றும்.

கூட்டத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒருபக்கம் கல்யாண ஜோடி போட்டோவுக்கு நிற்கும். வெள்ளை கவுனின் ஓரத்தைத் தோழி ஒருத்தி தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப் பெயிண்ட் எது, காய்ந்தது எது என்று பார்த்துப் பார்த்து நடப்பாள். இன்னொரு பக்கம் முகமூடி மாட்டிய பையன் ஒருவன் ஊதிக்கொண்டிருப்பான். அவனைச் சுற்றி இருபது பேர் படமெடுப்பார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகப் போட்ட முகமூடியா, நெடிக்காகப் போட்டதா என்று கேட்காதீர்கள். இப்போது இரண்டாவதுதான்.

மேலே அண்ணாந்து பாருங்கள். அட்னேட் என்ற ஓவியர் ஒரு பழங்குடிச் சிறுவனின் முகத்தை 20 மீட்டருக்கு மேல் உயரத்தில் வரைந்திருந்த சுவர் அது. கீழ்மட்டத்தில் தினமும் ஆள் மாறினாலும், கிரேன் இல்லாதவன் கை அங்கே எட்டாது. சுவரோவியத்துக்குப் பாதுகாப்பு அதன் அழகில் இல்லை, உயரத்தில்தான் இருக்கிறது.

2013இல் ஏட்ரியன் டாயில் என்ற கலைஞர் மாநகராட்சி அனுமதியோடு ரட்லெஜ் லேன் முழுவதையும், தரை உட்பட, வெளிர் நீலத்தில் அடித்தார். மற்றவர்களின் வேலையெல்லாம் அந்த நீலத்துக்கு அடியில் போயிற்று. சிலர் கொதித்தார்கள், சிலர் இதுதான் கலை என்றார்கள், மிச்சமிருந்தவர்கள் புதுச் சுவர் கிடைத்ததென்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 2020 பிப்ரவரியில் முகமூடி போட்ட ஒரு கும்பல், தீயணைப்புக் கருவிகளில் பெயிண்டை நிரப்பிக்கொண்டு வந்து ஹோசியர் லேன் முழுக்கப் பீய்ச்சிவிட்டுப் போனது. கிறுக்கியதன்மேல் கிறுக்கியது குற்றமா, கலையா, விமர்சனமா என்று ஊர் வாதாடியது. வாதம் முடிவதற்குள் சுவர் மீண்டும் நிறைந்துவிட்டது.

எல்லோரும் மேலே பார்க்கும்போது நீங்கள் முழங்கால் உயரத்தில், ஏதாவது ஒரு கதவுநிலையின் ஓரத்தைப் பாருங்கள். பெயிண்ட் உரிந்து நிற்கும். உரிந்த விளிம்பு விரல் நகத்தைவிடத் தடிமன். பச்சை, வெள்ளி, ரோஸ், கறுப்பு, மறுபடி பச்சை என்று வரிவரியாக எண்ணலாம். ஒவ்வொரு வரியும் ஒருவன் ராத்திரி கண்விழித்து வரைந்த முழுப்படம். டூரில் வழிகாட்டி விளக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரே இடம் அதுதான். குனிந்திருக்கும்போது யாராவது "என்ன தேடுறீங்க?" என்று கேட்டால், சில்லறை விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளியுங்கள்.

6. கேட்கக்கூடாத கேள்விகள்

முதலாவது: "இங்கே பாங்க்ஸி வரைந்தது எங்கே?" எந்தக் குழுவிலும் ஒருவர் இதைக் கேட்பார். அது நீங்களாக இருக்க வேண்டாம். வழிகாட்டியின் முகம் வாடும், ஏனென்றால் இந்த ஊரின் பாங்க்ஸி சரித்திரம் ஒரு துக்கச் சரித்திரம். அந்தப் பிரிட்டிஷ் சுவரோவியர் 2003இல் வந்து ஸ்டென்சில் எலிகளையும் வேறு சிலவற்றையும் விட்டுப்போனார். காக்கர் ஆலியில் அவர் வரைந்த குட்டி முக்குளிப்பாளனைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பலகை மாட்டினார்கள். 2008 டிசம்பரில் யாரோ அந்தப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளிநிறப் பெயிண்டை ஊற்றிவிட்டார்கள். காப்பாற்றப் போட்ட பலகை ஊற்றுவதற்கு வசதியாக இருந்தது. 2010இல் ஹோசியர் லேனில் பாராசூட்டில் தொங்கிய எலியை மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களே கடமையுணர்வோடு அழித்துவிட்டார்கள். 2012இல் ப்ரஹ்ரானில் இன்னொரு பாராசூட் எலியின் ஊடாகப் பிளம்பர் துளைபோட்டுக் குழாய் விட்டார். குழாய் நன்றாக வேலை செய்திருக்கும் என்று நம்புவோம்.

பெரிய பெயர் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் காலிங்வுட்டுக்கு டிராம் பிடியுங்கள். 1984இல் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் அங்கே ஒரு தொழிற்பள்ளிச் சுவரில், தலை இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் வைத்த கம்பளிப்பூச்சி ஒன்றை வரைந்தார். அந்தச் சுவர் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2013இல் புதுப்பிக்கவும் பட்டது. அதில் அவர் கையெழுத்திட்ட சிறு கதவு ஒன்றை எவரோ பல வருடங்களுக்கு முன் கழற்றிக்கொண்டு போயிருந்தார். புதுப்பித்த செய்தி வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருடனுக்கும் மரபுணர்வு வரக்கூடும்.

இரண்டாவது: "இதெல்லாம் சட்டப்படிதானா?" பதில் நீளம், நடை குறையும். சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். விக்டோரியா மாநிலத்தில் கிராஃபிட்டி தடுப்புச் சட்டம் 2007 முதல் இருக்கிறது. அனுமதியில்லாமல் அடுத்தவர் சுவரில் வரைந்தால் இரண்டு வருடம் வரை சிறை. 18 வயதுக்குட்பட்டவருக்கு ஸ்ப்ரே டப்பா விற்கக்கூடாது. ரயில் நிலையப் பக்கம் தக்க காரணமில்லாமல் டப்பாவோடு திரிவதே குற்றம். கட்டட உரிமையாளர் சம்மதித்தால் கலை. ஆக, ஒரே பையன், ஒரே டப்பா, ஒரே படம். இந்தச் சந்தில் வரைந்தால் சுற்றுலா வளம், இரண்டு தெரு தள்ளி வரைந்தால் வழக்கு. சொல்லிவிட்டு வழிகாட்டி சிரிப்பார். நீங்களும் சிரியுங்கள், நகருங்கள்.

மூன்றாவது, ஏசி/டிசி லேனில்: "மின்சார வாரியம் இங்கேயா இருந்தது?" இல்லை. அது ராக் இசைக்குழுவின் பெயர். கார்ப்பரேஷன் லேன் என்றிருந்ததை 2004இல் மாற்றினார்கள். அவர்கள் பெயரில் நடுவே மின்னல் உண்டு. அரசாங்கப் பெயர்ப்பலகை விதியில் மின்னலுக்கு இடமில்லை, சாய்கோடுதான். பலகை அடிக்கடி திருட்டுப்போனது. ரசிகர்கள் வேறெப்படி அன்பைக் காட்டுவார்கள்?

7. கோப்பை

இதற்காகத்தான் வந்தீர்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். டூரைப் பொறுத்து ஓவியர்களின் பட்டறையிலோ சந்துக்குள் இருக்கும் பாரிலோ முடிப்பார்கள். நடந்துகொண்டே குடிக்கலாம் என்று பையில் கொண்டுபோகாதீர்கள். உட்கார்ந்துதான் எல்லாம்.

உட்கார்ந்ததும் இந்தச் சந்துக்குள் பார் எப்படி வந்தது என்று விசாரியுங்கள், நல்ல கதை. 1916 முதல் 1966 வரை இந்த மாநிலத்தில் பார்களைச் சாயங்காலம் 6 மணிக்கு மூடிவிடுவார்கள். 5 மணிக்கு வேலை விட்டவன் ஒரு மணி நேரத்துக்குள் ராத்திரிக்கு வேண்டியதையெல்லாம் ஊற்றிக்கொள்ள வேண்டும். கடைசி நிமிடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கழுவிவிட வசதியாகப் பப் சுவர்களில் டைல்ஸ் பதித்திருந்தார்கள். 1980களின் கடைசியில் மது உரிமச் சட்டம் தளர்ந்தபின்தான் சின்ன முதலாளிகள் சின்ன பார் திறக்க வழி பிறந்தது. பெரிய தெருவில் வாடகை கட்டாது. சந்தில் கட்டும், அங்கேதான் யாரும் போகமாட்டார்களே. 1994இல் மேயர்ஸ் பிளேஸில் ஒன்று திறந்தது, பிறகு வரிசையாக வந்தன. ஸ்ப்ரே டப்பாவோடு வந்தவனும் யாரும் போகமாட்டார்கள் என்பதற்காகத்தான் சந்துக்கு வந்தான். இருவரையும் பார்க்க இப்போது எல்லோரும் வருவதால் வாடகை ஏறிவிட்டது. உங்கள் டிக்கெட்டும் அதில் ஒரு செங்கல்.

பீர் கேட்கும் முறை: "ஒரு பீர்" என்று கேட்டால் பார்க்காரர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். 'பாட்' என்றால் 285 மில்லி, 'ஸ்கூனர்' என்றால் 425, 'பைண்ட்' என்றால் 570. முதல் தடவை பாட் கேளுங்கள். மகன் பக்கத்தில் இருந்தால் அது அடக்கமாகத் தெரியும். எத்தனை பாட் என்பதை அவன் எண்ணமாட்டான், மருமகள் எண்ணுவாள்.

'ஷவுட்' என்று யாராவது சொன்னால் கத்தாதீர்கள். இந்த ரவுண்டு என் செலவு என்று பொருள். ஒருவர் வாங்கிக் கொடுத்தால் அடுத்த ரவுண்டு இன்னொருவர் வாங்க வேண்டும். ஆறு பேர் உட்கார்ந்தால் ஆறு ரவுண்டு என்பது எழுதப்படாத சட்டம். நடுவில் எழுந்து கழிவறைக்குப் போய் வராமலே போகிறவரை இந்த நாடு மன்னிப்பதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுப் போகச் சொன்னது இதற்குத்தான்.

குடிக்காதவர்கள் எலுமிச்சைச் சாறும் பிட்டர்ஸும் கலந்த 'லெமன் லைம் அண்ட் பிட்டர்ஸ்' கேட்பது வழக்கம். அழகான ரோஸ் நிறம், கோப்பையும் கம்பீரமாக இருக்கும், ஜூஸ் என்று சொல்லி உங்கள் மனைவிக்கும் வாங்கித் தருவார்கள். அதில் விடும் பிட்டர்ஸ் சாராயத்தில் ஊறியது, ஆனால் சில சொட்டுதான். இந்தத் தகவலை அவர் குடித்து முடித்து "நல்லாருக்கே, இன்னொண்ணு சொல்லுங்க" என்று கேட்கும் வரை வெளியிடாதீர்கள். கேட்டபிறகும் வெளியிடாதீர்கள்.

காரை மகன் ஓட்டிவந்தால் அவனுக்குச் சோடா. ரத்தத்தில் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே உரிமம் ஆட்டம் காணும். புதிதாக உரிமம் வாங்கியவருக்குப் பூஜ்யம்தான். பொது இடத்தில் போதையாக இருப்பதே குற்றம் என்ற பழைய சட்டத்தை 2023 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். அதை ஒரு சலுகைத் திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது கோப்பைக்குப்பின் எல்லோருக்கும் கலை விமர்சனம் வரும். "கோடு நல்லா வந்திருக்கு, ஆனா நெகட்டிவ் ஸ்பேஸ் போதலை" என்று ஒரு கணக்காளர் சொல்வார். நீங்கள் "காம்போசிஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வெளியே பாருங்கள். போதும்.

8. போட்டோவும் ஊர் திரும்புதலும்

படம் நிறைய எடுக்காதீர்கள். படத்தில் நேரமும் தேதியும் இடமும் பதிந்துவிடும், அது நமக்கு நல்லதில்லை. ஏன் என்று கேட்டால், இந்த டூரின் உண்மையான லாபமே ஊருக்கு வந்தபிறகுதான். தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வந்து அளந்தால், போய்வந்த ஒருவர் திண்ணையிலேயே பிடித்துவிடுவார். ஹோசியர் லேன் அப்படியில்லை. நீங்கள் பார்த்த படம் நீங்கள் விமானம் ஏறும் நாளில் அங்கே இருக்காது. பாங்க்ஸிக்கே பிளம்பர் வந்த ஊர் அது.

ஆகவே தைரியமாகச் சொல்லுங்கள். ஒரு சுவர் முழுக்கத் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை வரைந்திருந்தது என்று சொல்லலாம். உங்களையே ஒருவன் பார்த்து வரைந்துவிட்டான், மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிது என்றும் சொல்லலாம். அடுத்த மாதம் மெல்பர்ன் போகும் உங்கள் சம்பந்தி, போய்ப் பார்த்துவிட்டு போன் செய்வார்: "அப்படி ஒண்ணும் அங்க இல்லையே!"

பதற வேண்டாம். பெருமூச்சு விட்டு, "அடடா, அதுக்குள்ள பஃப் பண்ணிட்டாங்களா சம்பந்தி?" என்று கேளுங்கள்.